கீழே வரும்போது கழுவிய கை

திங்லி என்ற அந்தத் தீவுக் கிராமத்தில் அவர்களை முயல்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள். குடும்பப் பெயர் சலீபா என்பது தபால்காரருக்கு மட்டும் தேவைப்பட்ட விஷயம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு அடுக்காக மரக்கூண்டுகள் இருந்தன. அப்பா அடித்தவை. அவர் போன பிறகு அண்ணன் ஸ்பீரு பலகை மாற்றி, கம்பி வலை மாற்றி, அப்பா அடித்த ஆணி ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஆகிவிட்டது. ஆனாலும் அது அப்பா கூண்டுதான். உள்ளே இருந்த சாம்பல் நிற முயல்களும் அப்பா காலத்து முயல்களின் வாரிசுகள். "எங்க மாடியில இருக்கறது சுத்தமான பரம்பரை" என்று ஸ்பீரு பேண்டு வாத்தியக் கிளப்பில் பெருமையடிப்பார். சொந்தக் குடும்பத்தைப் பற்றி அவர் அவ்வளவு பெருமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

சொந்தக் குடும்பம் என்றால் அவரும் தங்கை ஜுதித்தாவும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவர் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார், அவள் தையல் ஆலைக்குப் போனாள். ஆலையை மூடினார்கள், அவருக்கு ஓய்வு வந்தது, படுக்கையில் கிடந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை ஸ்பீரு மேலே ஒன்றைக் கழுத்தைத் திருகி, உரித்து, கீழே கொண்டுவந்து வைப்பார். ஜுதித்தா பூண்டு நசுக்கிப் போட்டு, பிரிஞ்சி இலை சேர்த்து, சிவப்பு வைனில் ஊறவைப்பாள். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் முதலில் அந்தக் குழம்பில் புரட்டிய ஸ்பகெட்டி, பிறகு கறி. முயலின் ஒவ்வொரு எலும்பும் அவளுக்கு அத்துப்படி. உயிரோடு ஒன்றைக்கூட அவள் மடியில் வைத்துக்கொண்டதில்லை.

மடியில் வைக்காதே, பெயர் வைக்காதே என்பது அப்பா போட்ட சட்டம். ஸ்பீரு அதை ஒரே ஒரு தடவை மீறினார். கூட்டத்திலேயே பெரிய ஆண் முயலுக்கு மேயர் என்று பெயர். ஜூன் கடைசியில் புஸ்கெட் தோப்பில் நடக்கும் திருவிழாக் கண்காட்சிக்கு மேயர் போகும், கழுத்தில் ரிப்பனோடு திரும்பும். சட்டம் என்னாச்சு என்று ஜுதித்தா கேட்டால், "மேயர யாரும் குழம்பு வைக்கறதில்ல" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வீட்டில் பேச்சை முடித்துவைப்பது எப்போதும் ஸ்பீருதான்.

பிப்ரவரியில் ஒருநாள் பக்கத்து ஊரான ரபாத்தின் சந்தைக்குப் போன ஜுதித்தா, மழைக்கு ஒதுங்க ஒரு செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்தாள். குடை இல்லாமல் போனதுதான் வினை. கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் மிதிபட்டுக்கொண்டு ஒன்று, பால் கலந்த காப்பி நிறத்தில், கைப்பிடிக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. அவள் அதைத்தான் கேட்டாள். இவ்வளவு சின்னதை யாரும் சட்டியில் போட மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வாழ்நாளில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய பொருட்களை எண்ணிப் பார்த்தால் ஒரு அலமாரித் தட்டுகூட நிறையாது.

ஸ்பீரு அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, எலியா?"

"முயல்ண்ணே."

"மாடி பூரா முயலக் கட்டி வெச்சிருக்கேன், காசு குடுத்து முயல் வாங்கிட்டு வந்திருக்கே. நாளைக்குக் கடலுக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா."

"இது சாப்பிடறதுக்கு இல்ல."

"அது பாத்தாலே தெரியுது. இது ஒரு பல்லுக்குக்கூடக் காணாது."

"பூப்பான்னு பேரு வெச்சிருக்கேன்" என்றாள். பூப்பா என்றால் பொம்மை. ஸ்பீரு அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனார். மேயரிடம் போய்ச் சொல்லியிருப்பார்.

மறுநாள் குட்டி எதையும் தின்னவில்லை, கழிச்சல் வேறு. ஜுதித்தா பயந்துபோய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கால்நடை டாக்டர் ஒரியன்னா சின்ன வயசுப் பெண். குட்டியின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, பல்லைப் பார்த்து, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

"இடம் மாறின பயம், தீனி மாறின வயிறு. காஞ்ச புல்லு எப்பவும் முன்னாடி இருக்கணும். ரொட்டி குடுக்காதீங்க. பச்சைத் தழை கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. அரை நாள் ஒன்னும் தின்னலன்னா ஓடி வாங்க, முயலுக்கு வயிறு நின்னா உயிரே நின்ன மாதிரி. தடுப்பூசிக்கு இன்னும் சின்னதா இருக்கு, சில வாரம் கழிச்சுக் கொண்டாங்க. வீட்ல வேற முயல் இருக்கா?"

"மாடியில இருக்கு. அது வேற."

"வேறன்னா?"

"அது சாப்பிடறதுக்கு, டாக்டர்."

ஒரியன்னா சிரிக்கவில்லை. "அதுங்களுக்கு ஊசி போட்டிருக்கா?"

"அண்ணன் போட மாட்டார்."

"அப்போ ஒரு மாசத்துக்கு ரெண்டும் ஒன்னோட ஒன்னு சேரவே கூடாது. தனித் தட்டு, தனித் தண்ணி. கையக் கழுவுங்க, செருப்ப மாத்துங்க. பெரிய முயல்களக் கும்பல் கும்பலா அடிச்சுப் போடற நோயெல்லாம் இருக்கு. மாடியில இருக்கறதுக்கு ஊசி போடச் சொல்லுங்க."

ஜுதித்தா ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் கேட்டுக்கொண்டவள் பூப்பாவை மடியில் வைத்திருந்தாள். மாடி என்றாலே அவளுக்குப் புழுக்கை, ஈ, மூத்திர வாடை. நோய் என்று ஒன்று இருந்தால் அது மேலேதான் இருக்கும், கீழே இறங்கி வரும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஊசி விஷயத்தை அன்று சாப்பாட்டு நேரத்தில் எடுத்தாள்.

"நாலு மாசத்துல சட்டிக்குப் போறதுக்கு ஊசியா?" என்றார் ஸ்பீரு. "ஊசி மருந்த நாமதானே திங்கணும்? அப்பா போட்டாரா?"

"பெட்டை முயலுங்க, மேயர் எல்லாம் வருஷக்கணக்கா இருக்கே. அதுங்களுக்காவது..."

"அதுங்க கெட்டி. உன் பொம்மைக்குப் போட்டுக்கோ."

சரி என்று அவள் தன் காரியத்தைப் பார்த்தாள். மாடிப்படி கீழே முடியும் இடத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து, மேலே போக ஒரு செருப்பு, கீழே நடக்க ஒரு செருப்பு என்று வைத்தாள். துணி காயப்போட்டுவிட்டோ, கூண்டுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோ கீழே வந்தால் முதல் வேலை சமையலறைத் தொட்டியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவது. மேலே கட்டிய ஏப்ரனைக் கழற்றி வெளியே மாட்டினாள். ஸ்பீருவையும் விடவில்லை.

"கையக் கழுவாம அது பக்கத்துல போகாதே அண்ணே."

"வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிட்டே. இனிமே பாக்கறதுக்கு நேரம் காலம் வெச்சு ஆரஞ்சுப் பழத்தோட வரணுமா?"

சொன்னாரே தவிர, கழுவினார். பூப்பாவுக்கு வயிறு சரியாகி, காய்ந்த புல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தது. சமையலறையில் மேசைக்கடியில் தாவித் தாவி ஓடி, சட்டென்று பக்கவாட்டில் விழுந்து கிடக்கும். முதல் தடவை செத்துவிட்டது என்று ஜுதித்தா அலறப் போனாள். அது சந்தோஷத்தில் படுப்பது என்று ஸ்பீருதான் சொன்னார். சாயங்காலம் தேநீர்க் கோப்பையோடு அவள் உட்கார்ந்தால் அது மடியேறி, அவள் கட்டைவிரலை நக்கும். இத்தனை வயதில் தன்னைத் தேடி ஒரு ஜீவன் வருகிறதே என்று இருந்தது அவளுக்கு. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் முயலிடமே சொன்னாள்.

அந்த வீட்டில் எதையும் குப்பையில் போடும் வழக்கம் கிடையாது. சமையலறைத் தொட்டிக்கடியில் ஒரு நீல வாளி இருந்தது. உருளைக்கிழங்குத் தோல், காலிஃபிளவர் மட்டை, காய்ந்துபோன ரொட்டி விளிம்பு எல்லாம் அதில் விழும், வாளி காலையில் மாடிக்குப் போகும். அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். பூப்பா தின்றதுபோக மிஞ்சிய புல், பாதி கடித்த கீரைத் தண்டு, அதன் பெட்டியில் விரித்திருந்த வைக்கோல் எல்லாம் அதே வாளியில்தான் விழுந்தன. நல்ல புல்லை யார் வீணாக்குவார்கள்? ஜுதித்தா வாளியை மேலே கொண்டுபோய்க் கூண்டு கூண்டாகப் பங்கு வைத்தாள். பிறகு கீழே வந்து, செருப்பை மாற்றி, முழங்கை வரை கழுவிக்கொண்டாள்.

குட்டி வந்து ஒரு பத்து நாள் இருக்கும், முதலில் ஒரு பெட்டை செத்துக் கிடந்தது. வயசானது என்றார் ஸ்பீரு. மறுநாள் அடுத்தடுத்த கூண்டுகளில் மூன்று. முந்தின நாள் மாலை வரை தின்றுகொண்டிருந்தவை. தலை பின்னால் வளைந்து, மூக்கில் கொஞ்சம் ரத்தம். ஸ்பீரு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கடுத்த நாள் எத்தனை என்று ஜுதித்தா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உரச்சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போனார், அது நிறைந்து வந்தது. மேயர் மட்டும் இன்னும் ஒரு நாள் தாங்கியது. பிறகு அதுவும் கூண்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு, குழந்தை கத்துவதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே அன்றுவரை ஜுதித்தாவுக்குத் தெரியாது.

ஸ்பீரு படியில் உட்கார்ந்துவிட்டார். கப்பல் பட்டறையில் நண்பன் தளத்திலிருந்து விழுந்து செத்தபோதுகூட அழாத மனிதர், இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"நான்தான் கொன்னேன், ஜுதி."

"என்னண்ணே சொல்றே?"

"பள்ளத்துல முயலுக்குப் போடற சில்லாத் தழை நல்லா வளந்திருந்துச்சுன்னு அறுத்துட்டு வந்தேன். அங்க ஒரு காட்டு முயல் செத்துக் கிடந்துச்சு. பாத்தேன். பாத்துட்டும் அறுத்தேன். அப்பாவா இருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்."

அவள் அவர் தோளைத் தடவிக்கொடுத்தாள். அடுத்த நிமிஷம் அவளுக்கு நினைவு பூப்பாவிடம் ஓடியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் போனாள்.

ஒரியன்னா குட்டியைப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. மேசையில் உட்கார்ந்து மீசையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாடியில் நடந்ததை ஜுதித்தா சொல்லச் சொல்ல, டாக்டரின் முகம் மாறியது.

"இத எந்தக் கடையில வாங்கினீங்க?"

சொன்னாள்.

"அங்க வாங்கின குட்டியால இன்னொரு வீட்லயும் பெருசுங்க எல்லாம் போயிருச்சு. இந்த வயசுக் குட்டிங்கள இந்த நோய் பெரும்பாலும் ஒன்னும் பண்றதில்ல. உள்ள வாங்கிக்கும், நல்லாவே இருக்கும். ஆனா அது போட்ட புழுக்கை, எச்சில் பட்ட புல்லு, எல்லாத்துலயும் கிருமி வெளிய வரும். நீங்க தனியாத்தானே வெச்சிருந்தீங்க?"

"தனியாத்தான். கீழ வரும்போதெல்லாம் கையக் கழுவுவேன். செருப்ப மாத்துவேன்."

"மேல போகும்போது?"

ஜுதித்தா தன் கைகளைப் பார்த்தாள்.

"மிஞ்சின புல்ல என்ன பண்ணுவீங்க?"

நீல வாளி அவள் கண் முன்னால் வந்து நின்றது. டாக்டர் இன்னும் என்னென்னவோ சொன்னாள். கூண்டு மரத்தில் கிருமி மாதக்கணக்கில் இருக்கும், ப்ளீச்சிங் போட்டுக் கழுவினாலும் கோடை முடியும்வரை புது முயல் வைக்கக் கூடாது, இந்தக் குட்டியிடமிருந்தும் எட்டியே வைக்கவேண்டும். "உங்க அண்ணன் அறுத்த தழையிலயும் இருந்திருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது" என்றும் சொன்னாள். அந்தச் சலுகை ஜுதித்தாவுக்கு ஒட்டவில்லை. ஸ்பீரு பள்ளத்துத் தழையை அறுத்து வந்தது முதல் பெட்டை செத்த பிறகு. அதை அவர் துக்கத்தில் மறந்துவிட்டார், அவள் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடத்தான் நினைத்தாள். வந்தபோது ஸ்பீரு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அதுக்கு ஒன்னும் இல்லியே?"

"ஒன்னும் இல்லண்ணே."

"நல்ல வேளை" என்றார். "அதாவது மிஞ்சட்டும்."

அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. பயம்தான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு வைக்க முடியாது. சொன்னால் அண்ணன் என்ன செய்வார் என்ற பயம், அவர் கைக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியும் என்ற பயம்.

அதன் பிறகு ஸ்பீரு நடந்துகொண்ட விதம்தான் அவளைக் கொன்றது. வெறும் கூண்டுகளைத் துடைக்க மேலே போவார். இறங்கி வரும்போது சாக்கில் நின்று செருப்பை மாற்றுவார். சட்டையைக் கழற்றி வெளியே போடுவார். தொட்டியில் நின்று நகக்கண்ணெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவார். அவள் சொல்லாமலே. "என் கையில இருக்கற சாவு இதுக்கு ஒட்டிக்கக் கூடாது" என்பார். கழுவிய கையை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, சின்னப் பையன் மாதிரி, "இப்பத் தூக்கலாமா?" என்று கேட்பார். அவள் பூப்பாவை எடுத்து அவர் கையில் கொடுப்பாள். அவர் சட்டைப் பொத்தானை அது கடிக்கும். அவர் சிரிப்பார். ஜுதித்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் சூப் வைத்தாள். இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

ஏப்ரலில் கிளப் நண்பர் பெர்த்து வந்தார். வாசலிலிருந்தே சத்தம்.

"என்னப்பா முயல்காரா, முயல் இல்லாத முயல்காரன் ஊர்ல எதுக்கு? கோசோத் தீவுல என் மச்சான்கிட்ட உன் அப்பா குடுத்த முயலோட வம்சம் இருக்கு. அதே சாம்பல். ஒரு ஜோடி தரேன்றான். சனிக்கிழமை போய்த் தூக்கிட்டு வந்துருவோம்."

ஸ்பீருவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ வாரமாக அவள் பார்க்காத வெளிச்சம். பெர்த்து போனதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து பூப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கேட்டியா, உனக்கு மாடி வீட்டுக்கு ஆள் வருது" என்று அதன் காதுக்குள் சொன்னார்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஜோடியும் சாகும். ஜுதித்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கோடை முடியற வரைக்கும் வேணாம்ண்ணே. கூண்டுலயே கிருமி இருக்குமாம். டாக்டர் சொன்னாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஏன் சொல்லல?"

அவர் விரல்கள் முயலின் பிடரியில் இருந்தன, தடவிக்கொண்டிருந்தன. அவள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். கடையைச் சொன்னாள், இன்னொரு வீட்டைச் சொன்னாள், வாளியைச் சொன்னாள். முதல் பெட்டை செத்த பிறகுதான் அவர் பள்ளத்துக்குப் போனார் என்பதையும் சொன்னாள். தடவிய விரல்கள் நின்றன.

பூப்பா அவர் மடியில் கண்ணை மூடிக் கிடந்தது.

"கீழ வரும்போது கழுவினே" என்றார் ஸ்பீரு.

"ஆமாண்ணே."

"ஒரு தடவகூட விடல. நான் பாத்தேன்."

"ஆமா."

"மேல போகும்போது கழுவணும்னு உனக்குத் தோணவே இல்ல."

"தோணல."

அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஊசி போடச் சொன்னாயே, நான்தானே வேண்டாம் என்றேன் என்று அவர் சொல்லிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. தான் அதை எடுத்துக்காட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. அவர் முயலை இரண்டு கையாலும், பின்னங்கால் தொங்காமல் ஏந்திப் பிடித்து, அவளிடம் நீட்டினார்.

"வாங்கிக்கோ, ஜுதித்தா."

ஜுதி என்று கூப்பிட்டே பழகிய வாய். அன்றிலிருந்து முழுப் பெயர்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார், மின் கட்டணம் கட்டிவிட்டேன் என்றார். பூப்பாவைத் தூக்கவில்லை, விரட்டவும் இல்லை, மேசைக்கடியில் அது காலை உரசினால் காலை நகர்த்திக்கொண்டார். பெர்த்துவிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கோடையெல்லாம் மேலே சுத்தியல் சத்தம் கேட்டது. கோடை முடிந்து டாக்டர் சொன்ன கெடு தீர்ந்தபோது அங்கே கூண்டு இல்லை, அடுக்கிய பலகைகள்தான் இருந்தன. அவற்றின்மேல் அவர் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார்.

பூப்பா வளர்ந்து, தடுப்பூசியெல்லாம் போட்டு, கொழுகொழுவென்று ஆனது. ஒரு தும்மல்கூட இல்லை.

அக்டோபரில் ஒருநாள் காலை ஜுதித்தா துவைத்த துணிக்கூடையைத் தூக்கினாள், பிறகு கீழே வைத்தாள். தொட்டிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். சில நாட்களாகவே அப்படித்தான், ஏன் என்று அவளே கேட்டுக்கொள்வதில்லை. செருப்பை மாற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.

ஸ்பீரு பலகைமேல் உட்கார்ந்திருந்தார். கூடையைப் பிடித்திருந்த அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கு, ஜுதித்தா?" என்று கேட்டார். அதில் கோபம்கூட இல்லை.

அவள் கொடியில் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டாள்.